ஊர் பார்க்க வந்தவன்

கல்முனைச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் காலிதீன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டான். தன்னை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாதாம். பொத்துவிலை விட்டு அதிகம் வெளியே போகாத ஒருவனை இங்கே யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் கலியாணம் பேசிவைத்திருக்கிற ஆம்பிளைக்கு உலகமே தன்னைத்தான் பார்க்கிறது என்று ஒரு நினைப்பு.

பெண் இந்த ஊர். பெயர் ஸகியா. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் வாழவேண்டும், அதுதான் வழக்கம். பெண்ணைப் பார்க்கக் கிடைக்காது, சரி. காலமெல்லாம் இருக்கப்போகிற ஊரையாவது பார்க்க வேண்டாமா? வெள்ளிக்கிழமை சம்மதம் சொல்லியாக வேண்டும். மண்வெட்டி வாங்கப் போகிறேன் என்று உம்மாவிடம் சொல்லிவிட்டுத் தனியே கிளம்பிவந்திருந்தான்.

கால் போன போக்கில் நடந்தான். நெல் மூட்டை ஏற்றிய வண்டிகள் தெருவை அடைத்துக்கொண்டு நிற்க, பின்னால் வந்த சைக்கிள்காரர்கள் மணியடித்தே ஓய்ந்துபோனார்கள். கடை வாசல்களில் மருதமுனைச் சாரன்கள் கட்டம் கட்டமாகத் தொங்கின. மீன் விற்கிற இடத்தில் இரண்டு பேர் ஒரு பாரை மீனுக்காகச் சண்டை பிடித்தார்கள். சண்டை முடிந்ததும் ஒரே சுருட்டை மாற்றி மாற்றிக் குடித்தார்கள். ஒழுங்கைக்குள் திரும்பினால் கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமலே அவனுக்கும் சிரிப்பு வந்தது. கடற்கரை வரைக்கும் போய்த் திரும்பினான். மனம் நிறைந்துவிட்டது. இந்த ஊரில் இருக்கலாம், சந்தோஷமாகவே இருக்கலாம்.

அந்தச் சந்தோஷத்தில்தான் ஒரு தேத்தண்ணிக் கடைக்குள் நுழைந்தான்.

"எந்தூர் மனே?" என்று கேட்டார் கடைக்காரர்.

"பொத்துவில்." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான்.

"பேரு?"

"றஸாக்."

"என்ன குடி?"

உம்மா வழியில் வருகிற குலத்தை, குடியைக் கேட்காமல் இந்தப் பக்கத்தில் யாரும் யாரையும் விடமாட்டார்கள். தன் குடியை மறைக்க வேண்டும், வேறொன்று சொல்ல வேண்டும். ஒரு வாரமாக வீட்டில் எல்லாரும் உச்சரித்துக்கொண்டிருந்த பெயர்தான் வாயில் வந்தது.

"வரிசைநாச்சி குடி."

"அட, நம்மட ஆள்!" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நான் சாலிஹ். நானும் அந்தக் குடிதான். இரி மனே, ரொட்டி தின்னு. காசெல்லாம் வேணாம்."

காலிதீனுக்கு அப்போதுதான் உறைத்தது. அது பெண்ணின் குடி. ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. ஸகியாவுக்கே தான் அண்ணன் முறையாகி, காக்காவாகிவிட்டோம். போகட்டும், தின்றுவிட்டு ஓடிவிடலாம் என்று ரொட்டியைப் பிய்த்தான்.

"ஒரு விசயம் கேக்கணும்," சாலிஹ் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "எண்ட தங்கச்சிட மகள் ஸகியாக்கு உங்கட ஊரில ஒரு இடம் கதைச்சிரிக்கி. காலிதீன் எண்டு பேராம். ஆள் எப்பிடி? நீ அவளுக்குக் காக்கா முறை. ஒளிக்காமச் சொல்லணும்."

பிய்த்த ரொட்டியைக் காலிதீன் தட்டிலேயே வைத்தான். நல்லவன் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் நாளைக்கு மாப்பிள்ளையாக வந்து இதே முகத்தைத்தானே காட்டவேண்டும்? அதைவிட, ஒரு காக்காவிடம் கேட்கிற மாதிரி இவர் கேட்டுவிட்டார். தனக்கு ஒரு தங்கச்சி இருந்து, அவளுக்காக யாரிடமாவது இப்படிக் கேட்டிருந்தால்? அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"நல்ல பொடியன்தான் மாமா," என்றான். "ஆனா இண்டைக்கு ரெண்டு பொய் சொல்லிட்டான். பேரில ஒண்டு, குடியில ஒண்டு. ஊரைப் பாத்திட்டுப் போவம் எண்டுதான் வந்தன். ஊர் நல்லாப் புடிச்சிரிக்கி."

ஆற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. சாலிஹ் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, சுவரில் சாத்தியிருந்த கதவுப் பலகைகளில் ஒன்றை எடுத்து வாசலில் பொருத்தினார். கடை மூடுகிற ளுஹர், நண்பகல் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. இரண்டாவது பலகையையும் பொருத்தினார். வீட்டுக்குக் கூட்டிப்போகவா, நாலு பேரைக் கூட்டிவரவா என்று காலிதீனுக்கு விளங்கவில்லை. ஓடவும் தோன்றவில்லை.

மூன்றாவது பலகையை அவனிடம் நீட்டினார்.

"புடிங்க மாப்பிள."

காலிதீன் மடியிலிருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் பலகையை வாங்கினான்.