மிச்சம் மூவாயிரம் அடி

கிரீஷ் சொன்ன பொய் அப்படியொன்றும் பெரிய பொய்யில்லை. முதலில் அவன் அப்படித்தான் நினைத்தான்.

குபெர்டினோவில் வேலை போன பிறகு, வீட்டிலிருந்தே பார்க்கிற மாதிரி வேறு வேலை கிடைத்தது. அவனும் மனைவி மானஸாவும் கொலராடோ மலைமேல் லெட்வில் என்கிற சின்ன ஊருக்குக் குடிபோனார்கள். பத்தாயிரம் அடி உயரம். டென்வருக்கு இறங்கவே இரண்டு மணி நேரம். ஊரில் அவர்களுக்குத் தெரிந்து வேறு தமிழ்க் குடும்பம் கிடையாது, கறிவேப்பிலை கிடையாது, குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. முதல் வாரம் மாடி ஏறினாலே மூச்சு வாங்கியது. ஆனாலும் கிரீஷுக்கு ஊர் பிடித்துப்போனது. வந்து தொந்தரவு பண்ண ஆளில்லை பாருங்கள்.

அவன் அப்பா பிச்சுமணி ஓயாமல் பேசுகிற மனுஷர். குபெர்டினோவில் வந்து தங்கிய ஆறு மாதமும் பார்க்கில் கண்டவர்களிடமெல்லாம் சம்பளம் விசாரித்தார். கிரீஷ் டிஷ்வாஷரில் அடுக்கிய பாத்திரங்களை வெளியே எடுத்து மறுபடி அடுக்கினார். அவன் வீடியோ மீட்டிங்கில் இருக்கும்போது பின்னால் வந்து நின்று எல்லோருக்கும் கையாட்டி மானத்தை வாங்கினார். அதனால் இப்போது, "எப்போடா நாங்க அங்க வரலாம்?" என்று அவர் போனில் கேட்டதும் பதில் தானாக வாயில் வந்தது.

"அப்பா, இது ரொம்ப ஹைட்டு. ஆக்ஸிஜன் கம்மி. அறுபத்தஞ்சு தாண்டினவா வரவே கூடாதுன்னு இங்க டாக்டர் சொல்றார்."

சொல்லிக்கொண்டிருந்தபோதே ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரர் வாசல் பனியை மண்வெட்டியால் வாரிக் கொட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு வயது எண்பது.

அத்தோடு விட்டுவிட்டால் அவர் பிச்சுமணியா? அடுத்த சனிக்கிழமையே திருநீர்மலைப் படி ஏற ஆரம்பித்தார். அம்மா நாகலக்ஷ்மி கீழே நின்று வீடியோ எடுப்பாள். ஏறி இறங்கியதும், கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டி கேமராவுக்கு நேரே நீட்டுவார். "தொண்ணூத்தாறுடா! ஒங்க டாக்டர்கிட்ட காட்டு!" கிரீஷ் கட்டைவிரல் உயர்த்திய பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டுக் காபி குடிக்கப் போவான்.

ஜூலையில் மானஸாவின் அப்பா சிவராமகிருஷ்ணனும் அம்மாவும் வந்து மூன்று வாரம் இருந்தார்கள். சிவராமகிருஷ்ணனுக்கும் எழுபத்தொன்று, பிச்சுமணிக்கும் எழுபத்தொன்று. என்ன, மாமனார் அதிகம் பேசமாட்டார். ஒரு புத்தகத்தோடு மூலையில் உட்கார்ந்துவிடுவார்.

"ஒங்க அப்பாம்மாவையும் கூப்பிட்டா என்ன?" என்று மானஸா இரண்டு முறை கேட்டாள். மூன்றாம் முறை கேட்கவில்லை.

கிரீஷ் மாமனாரிடம், "போட்டோ எதுவும் வாட்ஸப்ல போடவேண்டாம் மாமா" என்று மட்டும் சொன்னான். அவர் ஏன் என்று கேட்காமல் தலையாட்டினார். அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

ஆகஸ்டில் அப்பாவும் அம்மாவும் பத்து நாள் கொடைக்கானலில் போய் இருந்தார்கள். சுற்றிப் பார்க்க இல்லை, பழகிக்கொள்ள. "கொடைக்கானல் ஏழாயிரம் அடிடா. மிச்சம் மூவாயிரம்தானே!" என்றார் அப்பா. சென்னைக்குத் திரும்பிய கையோடு டிரெட்மில் டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட்டையும் அனுப்பினார். இதயம் நன்றாக இருக்கிறது, உயரமான இடங்களுக்குப் போகலாம் என்று அடியில் டாக்டரின் கையெழுத்து. "பாக்கறேம்பா" என்று கிரீஷ் பதில் எழுதினான்.

அந்த வாரம் வியாழக்கிழமை மானஸா போனும் கையுமாக அவன் மேஜைக்கு வந்தாள். அவன் மாமியார் ஞாபகமில்லாமல் வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் போட்டிருந்தார். ஜூலையில் எடுத்த படம். லெட்வில் ஊர்ப் பலகைக்கு முன்னால் மாமனாரும் மாமியாரும், தலைக்கு மேலே ஊரின் உயரம் கொட்டை எழுத்தில்.

"அம்மா உடனே அழிச்சுட்டா. ஆனா அதுக்குள்ள ஒங்கப்பா பாத்துட்டார். கைகூப்பற பொம்மை வேற அனுப்பியிருக்கார்."

ஞாயிறு காலை வழக்கம்போல் அப்பாவின் அழைப்பு வந்தது. அன்றைக்கு வீடியோ இல்லை, வெறும் குரல்தான். கிரீஷ் நாலு சாக்குகளைத் தயார் பண்ணி வைத்திருந்தான்.

"கிரீஷ், அந்தப் பயணம் வேண்டாம்டா" என்றார் அப்பா. "டாக்டர் கூடாதுன்னுட்டார்."

"எந்த டாக்டர்பா?"

"அதே டாக்டர்தான். ரிப்போர்ட்ட மறுபடியும் பாத்தாராம். இந்த வயசுல அவ்வளவு உசரம் ஆகாதுங்கறார். நீ அப்பவே சொன்னே, நான்தான் கேக்கலை."

பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "ஏன்னா, டாக்டர் எப்போ அப்படிச் சொன்னார்?"

"நீ சும்மா இரு" என்று அப்பா அவளை அதட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யாராவது கேட்டா டாக்டர்தான் தடுத்துட்டார்னு சொல்லு. நீ கூப்பிடலைன்னு ஒருத்தரும் பேசப்படாது" என்றார்.

கிரீஷுக்கு முகமும் காதும் பற்றி எரிந்தன. வாப்பா, நாளைக்கே டிக்கெட் போடறேன் என்று இப்போது சொல்லிவிடலாம். வாயைத் திறந்தான். குபெர்டினோ சமையலறையில் அப்பா பாத்திரம் அடுக்கும் சத்தம் நினைவுக்கு வந்தது.

"சரிப்பா" என்றான். "ஒடம்பப் பாத்துக்கோ."