பெஞ்சின் இடது ஓரம்

கண்காட்சிக்கு ஒருவராவது வர வேண்டும். தனக்காகவே வீட்டிலிருந்து கிளம்பி, தன் படத்துக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். லென்ஸ்காரர் ஆசைப்பட்டதெல்லாம் அவ்வளவுதான். ஆசைப்படுவதில்கூடக் கஞ்சத்தனம் பார்க்கிற மனிதர்.

கண்ணாடிக்கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவர் வேலை. முப்பது வருடமாக ஊரில் பாதிப் பேருடைய பார்வை அவர் கைவழியாகத்தான் போயிருக்கிறது. அந்தப் பாதிப் பேரில் ஒருத்தருக்கும் அவர் முகம் தெரியாது. முன்னறையில் முதலாளி சிரித்துப் பேசி விற்பார். இவர் உள்ளே இயந்திர இரைச்சலோடு குடித்தனம் நடத்துவார். மனைவி போய் ஏழு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. ஒரே தங்கை வெளியூரில் இருக்கிறாள். பாசத்தையெல்லாம் போனிலேயே முடித்துக்கொள்வாள்.

“சனிக்கிழமை கண்டிப்பா வரேண்ணா. உன் படத்தைப் பாக்காம இருப்பேனா?” என்றாள். அவள் ‘கண்டிப்பா’ என்றால் வரமாட்டாள் என்று அர்த்தம். ‘பாக்கலாம்’ என்று சொல்லியிருந்தால் கொஞ்சம் நம்பியிருக்கலாம்.

நூலகத்து மாடியில் இரண்டு நாள் கண்காட்சி. உள்ளூரில் வரைகிறவர்கள் பதினேழு பேர். ஊருக்குள் ஏதாவது ஓர் இடத்தை நேரில் நின்று பார்த்து வரைய வேண்டும் என்பது நிபந்தனை. மற்றவர்கள் ஏரி, குன்று, பாலம் என்று கிளம்பிவிட்டார்கள். லென்ஸ்காரர் ஆஸ்பத்திரிக்கு வெளியே இருந்த பஸ் நிறுத்தத்தைப் பிடித்துக்கொண்டார். ஒரு தகரக் கூரை, ஒரு சிமெண்டு பெஞ்சு, அதன் இடது பக்கத்தில் ஒரு சிவப்புக் குப்பைத் தொட்டி.

“அங்க என்னய்யா இருக்கு வரையறதுக்கு?” என்று முதலாளி கேட்டார். ஒன்றும் இல்லாததுதான் பிடித்திருக்கிறது என்று முதலாளியிடம் எப்படிச் சொல்வது? சும்மா தலையைச் சொறிந்துவிட்டு உள்ளே போனார்.

மூன்று வாரம், தினமும் மாலை ஐந்திலிருந்து ஆறு வரை, எதிர்ச்சாரியில் பலகையைக் கையில் ஏந்தி நின்று வரைந்தார். பெஞ்சின் இடது ஓரத்தில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருப்பார். அரக்கு நிறப் புடவை, மடியில் ஒரு பை. முதல் வாரத்தில் அவரையும் சேர்த்துத்தான் வரைந்தார். ஆனால் அந்த அரக்கு படத்தின் ஒரு பக்கத்தைப் போட்டு அமுக்கியது. பக்கத்திலேயே தொட்டியின் சிவப்பு வேறு. இரண்டில் ஒன்று போயாக வேண்டும். தொட்டியின் நிறம் அழகாக விழுந்துவிட்டிருந்தது. அதைத் தொட மனம் வரவில்லை. அதனால் பஞ்சை நனைத்து, காய்ந்திருந்த நிறத்தை ஊறவைத்து, ஒற்றி ஒற்றி அம்மாளை எடுத்துவிட்டார். நீர்வண்ணத்தில் வரைகிற எல்லோரும் செய்கிற காரியம்தான். படம் சட்டென்று மூச்சு விட்டது போலிருந்தது. தன்னைத் தானே மெச்சிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த அம்மாள் அங்கே உட்கார்ந்திருப்பதே அவர் கண்ணில் படவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கே அவரவர் படத்துக்குப் பக்கத்தில் அவரவர் நின்றார்கள். ஏரியை வரைந்த டீச்சரைச் சுற்றி ஒரு பட்டாளமே நின்றது. அக்கா, அத்தை, அத்தை பெற்றது, அது பெற்றது என்று. நூலகர் ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்து, “வெறுமையை என்னமா பிடிச்சிருக்கீங்க சார்!” என்றார். லென்ஸ்காரர் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். பன்னிரண்டு மணிக்குத் தங்கை போன் செய்தாள். “அண்ணா, தப்பா நினைச்சுக்காதே, இவருக்கு லேசா ஜுரம்...” அவர் தப்பாக நினைக்கவில்லை. நேராகவே தொங்கிய படத்தை இன்னொரு முறை நேராக்கி வைத்தார்.

மூன்று மணி வாக்கில் ஓர் அம்மாள் படியேறி வந்தார். மற்ற படங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேராக இவர் படத்துக்கு முன்னால் வந்து நின்றார். லென்ஸ்காரர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். யார் என்று பிடிபடவில்லை. புடவையைப் பார்த்த பிறகுதான் ஆளே புரிந்தது.

“நூலக வாசல்ல போர்டு பாத்தேன் சார். பஸ் ஸ்டாப் படம்னு போட்டிருந்துச்சு. நம்ம படம்தான்னு தெரிஞ்சுபோச்சு” என்று சிரித்தார். குனிந்து ஒரு விரலை நீட்டினார். “இது நான்தானே?”

“ஆமா” என்றார் லென்ஸ்காரர். வாயில் அதுதான் வந்தது.

அம்மாள் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு இன்னும் குனிந்தார்.

“அது குப்பைத் தொட்டி சார். மூடி இருக்கு.”

பக்கத்தில் ஏரிக் கூட்டம் எதற்கோ கொல்லென்று சிரித்தது. லென்ஸ்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு, “மொதல்ல வரைஞ்சேங்க. அப்புறம் படம் ஒரு பக்கமா சாயற மாதிரி இருந்துச்சு. அதனால எடுத்துட்டேன்” என்றார்.

“எப்போ எடுத்தீங்க?”

“மொத வாரமே.”

“ஐயோ” என்றார் அம்மாள். கோபமாக இல்லை; கணக்குப் போடுகிறவர் குரலில். “புடவையை மாத்தினா உங்களுக்குக் கஷ்டமாயிருக்கும்னு மூணு வாரமா இதையேதான் சார் கட்டினேன். தினம் துவைச்சுக் காயப்போட்டு. அஞ்சேகால் பஸ்ஸை விட்டுட்டு ஆறு மணி பஸ்ல போவேன். நீங்க முடிக்கணுமேன்னு அசையாம உட்காந்திருப்பேன். ஒரு தடவை மூக்குல ஈ உட்காந்துச்சு, அப்பக்கூட விரட்டல.”

லென்ஸ்காரருக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

“ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல என்கூட வேலை பாக்கறவங்ககிட்ட சொல்லிட்டேன். நாளைக்கு நாலு பேர் பாக்க வரேன்னாங்க.” கண்ணாடியைக் கழற்றி உறைக்குள் போட்டார். “வரவேணாம்னு சொல்லிடறேன். படம் நல்லாத்தான் இருக்கு சார்.”

படியிறங்கிப் போய்விட்டார். கேட்டபடி ஒருவர் வந்தாயிற்று. இரண்டாம் நாள் லென்ஸ்காரர் கண்காட்சிப் பக்கமே போகவில்லை.

திங்கட்கிழமை மாலை புதுக் காகிதத்தோடு பஸ் நிறுத்தத்துக்கு எதிரே போய் நின்றார். இந்த முறை அந்த அம்மாளை வரைய வேண்டும், பெரிதாக, படத்தின் நட்டநடுவில். பெஞ்சு காலியாக இருந்தது. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் காலிதான். தான் தீட்டியது தீட்டியபடி, ஒரு பிசகும் இல்லாமல் எதிரே கிடந்த அந்த இடத்தைப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஐந்தேகால் பஸ் வந்து நின்றபோது, ஜன்னலோரத்தில் அந்த அம்மாள் தெரிந்தார். முந்தின நிறுத்தத்துக்கு நடந்துபோய் ஏறிக்கொண்டு வருகிறார் என்பது உறைக்க லென்ஸ்காரருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பலகையும் கையுமாகச் சாலையைக் கடந்து ஓடினார்.

“அம்மா, ஒரே ஒரு நாள் வந்து உட்காருங்க. ஆறு மணி பஸ்ல போயிடலாம். இந்தத் தடவை உங்களைத்தான் வரையப்போறேன்.”

அம்மாள் அவரையும் காகிதத்தையும் பார்த்தார். முகத்தில் வருத்தம் இருந்தது, கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம் என்று லென்ஸ்காரருக்குத் தோன்றியது.

“வீட்டுல யாரும் எனக்காகக் காத்துட்டு இல்ல சார்” என்றார் அம்மாள். “இருந்தாலும் இனிமே பஸ்ஸை விட மாட்டேன்.”

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் கிளம்பிப் போனது. லென்ஸ்காரர் ஆறு மணி வரை அங்கேயே நின்றிருந்தார். அந்தப் பெஞ்சில் உட்கார அவருக்குக் கூச்சமாக இருந்தது.