ஒரு மழை பார்த்த சுவர்

பையைத் திறந்து பிரஷ்ஷைக் காட்டச் சொன்னேன். அந்தப் பெயிண்டருக்குக் கோபம் வந்துவிட்டது. எத்தனை நாளில் முடியும் என்று கேட்பார்கள், என்ன ரேட் என்று கேட்பார்கள், பிரஷ்ஷை இதுவரை யாரும் கேட்டதில்லை என்று ஹிந்தியில் முணுமுணுத்துக்கொண்டே நைலான் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினான். நாலு இஞ்ச் பிரஷ். விரலால் வளைத்தேன், வளையவில்லை. போன வேலையின் பச்சை, மயிரோடு மயிராக இறுகிக் கிடந்தது. தன் கருவியைக் கழுவி வைக்காதவன் என் வீட்டுத் தரையைத் துடைத்துக் கொடுப்பானா? ஃபோன் பண்ணுகிறேன் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். அவன் படியிறங்கிப் போனதும் சமையலறையிலிருந்து கிரிஜா, "இவன் நாலாவது" என்றாள். அவள் எண்ணிக்கொண்டிருந்தது அதுவரை எனக்குத் தெரியாது.

குற்றம் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. புனே பக்கம் பிம்ப்ரியில் ஒரு பம்ப் கம்பெனியில் இருபத்தாறு வருஷமாக, ஃபவுண்டரியில் இரும்பை உருக்கி வார்த்து அனுப்புகிற காஸ்டிங்குகளைச் சோதித்து உள்ளே விடுகிற வேலை. ஒவ்வொன்றையும் சின்னச் சுத்தியலால் தட்ட வேண்டும். நல்ல உருப்படி மணி மாதிரி ஒலிக்கும். உள்ளே விரிசலோ குழியோ இருந்தால் சத்தம் செத்துப்போய் வரும். தட்டும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன். கண் திறந்திருந்தால் மேல்பளபளப்பு காதை ஏமாற்றிவிடும். வடா பாவ் கிடைத்தாலும் தட்டிப் பார்த்துத்தான் தின்பேன் என்று கேன்டீனில் என்னைக் கேலி பண்ணுவார்கள். ஆனால் வீட்டுக்கு வெள்ளையடிப்பது என்று வந்துவிட்டால் அதே ஆட்கள் என்னிடம்தான் வந்து நிற்பார்கள். நானும் சளைக்காமல் சொல்வேன். பெயிண்டரின் வாயைப் பார்க்காதே, பிரஷ்ஷைப் பார். டப்பாவின் சீலை உன் கண்ணெதிரே உடைக்கச் சொல். ஜன்னல் கண்ணாடி ஓரங்களில் தீற்றல் இருக்கிறதா என்று அவன் பழைய வேலையில் தேடு. எல்லாவற்றுக்கும் மேலாக, அவன் அடித்து ஒரு மழையாவது பார்த்த சுவரைப் போய்ப் பார். மே மாதம் புனேயில் எல்லாச் சுவரும் அழகுதான். ஜூலையில்தான் யார் என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்று வெளியே வரும்.

இவ்வளவு தெரிந்தவன் சொந்த வீட்டின் உள்ளறைச் சுவரோடு பதினோரு வருஷம் வாழ்ந்திருக்கிறேன். கசார்வாடியில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் இரண்டாவது மாடி. நாங்கள் குடிவந்து மூன்றாம் வருஷமே அந்தச் சுவரில் ஒரு தட்டு அளவுக்கு ஈரம் தெரிந்தது. இப்போது ஜன்னல் வரைக்கும் வந்துவிட்டது. மேல்வீட்டுக் குளியலறையின் குழாய் சுவருக்குள் கசிகிறது. தரையை உடைத்துத்தான் மாற்ற வேண்டும், மேல்வீட்டுக்காரர் உடைக்க மாட்டார். சொஸைட்டி மீட்டிங்கில் கத்தியாயிற்று, லெட்டர் எழுதியாயிற்று. ஒவ்வொரு மழைக்கும் சுண்ணாம்பு பொரிந்து உதிரும், கறுப்பாகப் பூசணம் பிடிக்கும், கிரிஜாவுக்கு இழுப்பு வரும். போன வருஷம் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அடுத்த மழைக்கு இவர் இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார், என்னமோ நான்தான் கசிகிறேன் என்பதுபோல. மகன் ஹரிபிரசாத் மகர்பட்டாவில் புதிதாகக் கட்டிய டவரில் ஒரு வீட்டைப் பேசி வைத்திருந்தான். கசார்வாடி வீட்டை விற்றால்தான் அது நடக்கும்.

விற்பதற்கும் ஆள் கிடைத்துவிட்டது. விச்சுவும் பாமாவும் கோயம்புத்தூரிலிருந்து வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. கோயில் பஜனையில் பழக்கம். விச்சுவுக்கு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. கைக்குழந்தை வைஷுவைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் வாடகை வீடு வாடகை வீடாக அலைந்துகொண்டிருந்தார்கள். ஏப்ரலில் ஒரு தடவை வந்து வீட்டைப் பார்த்தார்கள். அன்றைக்கு அந்தச் சுவருக்கு முன்னால் பீரோவை நகர்த்தி வைத்திருந்தேன். வேண்டுமென்றுதான் வைத்தேன். ஜூன் இரண்டாம் ஞாயிறு மறுபடி வந்து, பேச்சை முடித்து முன்பணம் கொடுப்பதாக ஏற்பாடு. அதற்குள் வீட்டைப் பளிச்சென்று ஆக்கிவிட வேண்டும்.

ஐந்தாவதாக வந்தவர் ஜான். அப்பா காலத்திலேயே ரயில்வே வேலைக்காக இங்கே வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். பிரஷ்ஷைக் கேட்டதும் சிரித்தபடி எடுத்துக் கொடுத்தார். துணியில் சுற்றியிருந்தது, பூனை வால் மாதிரி மெத்தென்று இருந்தது. அவர் இரண்டு வருஷம் முன்பு அடித்த வீட்டின் விலாசத்தை வாங்கிக்கொண்டு அன்று மாலையே பஸ் ஏறிப் போனேன். அந்த வீட்டு ஜோசபின் டீச்சர் கொஞ்சம் திகைத்தாலும் உள்ளே விட்டார். இரண்டு மழை பார்த்த சுவர், ஒரு கொப்புளம் கிடையாது. ஆள் எப்படி என்று கேட்டேன். நல்ல ஆள்தான், ஆனால் சுவர் காயவில்லை என்று ஒன்றரை மாதம் காக்க வைத்துவிட்டார் என்று குறைப்பட்டார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வரும் வழியில் கிரிஜாவுக்கு ஜிலேபி வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை ஜான் வந்தார். ஹாலைப் பார்த்தார், சமையலறையைப் பார்த்தார், உள்ளறைக்கு வந்ததும் பீரோவை நகர்த்தச் சொன்னார். நகர்த்தினேன். உள்ளங்கையைச் சுவரில் பதித்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அப்புறம் விரல் முட்டியால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தார். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். கண்ணை மூடவேண்டிய அவசியமே இல்லை.

"உள்ள லீகேஜ் சார். பூச்சு செவத்த விட்டு வந்துருச்சு. மேல கொழாய மாத்தி, ஒரு மாசம் காயவிட்டு அப்புறம் பட்டி பாக்கணும்."

நேரமில்லை என்றேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி வைத்து, மேலே ஆயில் பெயிண்ட் இரண்டு கோட் அடித்தால் போதாதா என்று கேட்டேன். அடிக்கலாம், ஆனால் இரண்டு மாதம்கூடத் தாங்காது, மழை வலுத்ததும் பொங்கிவிடும் என்றார்.

"ரெண்டு மாசம் போதும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று என் காதில் விழுந்தது. ஜான் என்னைப் பார்த்தார். பிறகு வாசல்படியில் நின்ற கிரிஜாவையும், அலமாரியில் வரிசையாக இருந்த அவளுடைய மருந்துகளையும் பார்த்தார். யார் வரப்போகிறார்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லித் தப்பித்திருப்பேன்.

"மத்த ரூமெல்லாம் அடிச்சுத் தரேன் சார். இந்தச் செவத்த நான் தொடல. நாளைக்கு யாராவது வந்து நான் அடிச்ச செவுருன்னு பாப்பாங்க."

ஒரு சுவரை விட்டுவிட்டு அடிப்பது என்ன வேலை என்று சத்தம் போட்டேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, கோவிச்சுக்காதீங்க சார் என்று சொல்லிவிட்டுப் போனார். சல்லடை போட்டுச் சலித்து ஒரு யோக்கியனைப் பிடித்தேன், அவன் யோக்கியனாகவே இருந்து தொலைத்துவிட்டான். அன்று முழுக்க இருப்புக்கொள்ளவில்லை. கம்பெனியில் இரண்டு நல்ல காஸ்டிங்கைக் கோளாறு என்று தள்ளிவிட்டு, சூப்பர்வைசர் வந்து கேட்ட பிறகு திரும்ப எடுத்து வைத்தேன்.

மாலையில் அந்தக் காய்ந்த பிரஷ்காரனுக்கு ஃபோன் செய்தேன். அவன் எதையும் கேட்கவில்லை. நானும் எதையும் பார்க்கவில்லை. பிரஷ்ஷையோ, டப்பாவின் சீலையோ, பட்டியில் என்ன கலந்தான் என்பதையோ. மூன்றே நாளில் வீடு முழுக்க முடித்தான். உள்ளறைக்கு வெண்ணெய் மஞ்சள். சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. தரையில் சிந்தியிருந்த பெயிண்டை நானே பிளேடால் சுரண்டினேன். கிரிஜா ஹாலில் படுத்துக்கொண்டாள். வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். விளக்கை அணைக்கப் போகும்போது, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடியே கேட்டாள்:

"ஏன்னா, அந்தக் கொழந்தைக்கு எத்தனை மாசம்?"

"ஏழு."

போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். பேசியிருந்தால் தேவலை. உனக்காகத்தானே இத்தனையும் என்று நான் சண்டை பிடித்திருப்பேன். அது பொய்யும் இல்லை. இன்னொரு மழையில் அவள் உட்கார்ந்தபடி மூச்சுக்குத் தவிப்பதைப் பார்க்க என்னால் ஆகாது. அவளை வெளியே கொண்டுபோக வேண்டுமானால் அந்த அறைக்குள் வேறு யாரோ வந்தாக வேண்டும். அந்த யாரோவுக்கு வைஷு என்று பெயர் இல்லாமலிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேனோ என்னவோ. அதன் பிறகு தினமும் எழுந்ததும் முதல் வேலையாக அந்தச் சுவரில் கையை வைத்துப் பார்ப்பேன். பிறகு பால்கனிக்குப் போய் வானத்தைப் பார்ப்பேன். வியாழக்கிழமை முதல் மழை இறங்கியது. தெருவில் பிள்ளைகள் கூத்தாடினார்கள். நான் மறுபடி உள்ளே போய்க் கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. சுவர் என்றால் சில்லென்றுதான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்துவிட்டார்கள். பாமா இடுப்பில் வைஷு, விச்சு கையில் பழமும் வெற்றிலையும். அறை அறையாகப் பார்த்துவிட்டு உள்ளறைக்கு வந்ததும் பாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. என்ன கலர் மாமி இது என்று கிரிஜாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். இதுதான் குழந்தையின் அறை, ஜன்னல் காற்று நேரே அடிக்காதபடி தொட்டிலை இந்தச் சுவரை ஒட்டிப் போட்டுவிடலாம் என்று விச்சுவிடம் கையால் அளந்து காட்டினாள். மஞ்சளில் ஒரு ஓரத்தில், கடுகு அளவில் இரண்டு கொப்புளம் எழும்பியிருந்ததை அவள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். கிரிஜாவும் பார்த்திருப்பாள்.

எல்லாரும் அந்த அறையிலேயே உட்கார்ந்தோம். எத்தனையோ பேர் வீட்டை வாங்கும்போது வக்கீலைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள், எங்களுக்கு நீங்கள் இருக்கும்போது என்ன கவலை என்று விச்சு சொன்னான். ஏதாவது கோளாறு இருந்தால் மாமாவே சொல்லிவிடுவார் என்று பாமாவிடம் சொல்லியிருக்கிறானாம். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. மகர்பட்டா, மழை, டாக்டர் என்று இன்னொன்று அதன் வாயைப் பொத்தியது. அந்த நேரம் பார்த்து விச்சு, ஹாலை மட்டும் எங்களுக்குப் பிடித்த கலரில் மாற்ற வேண்டும், பெயிண்டர் வைக்கும்போது என்னவெல்லாம் பார்க்கணும், நீங்கள்தான் இதில் எக்ஸ்பர்ட் என்று கோயிலில் சொன்னார்கள் என்றான்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. இதைப் பற்றி என்றால் நான் தூக்கத்தில்கூடப் பேசுவேன். பிரஷ்ஷிலிருந்து தொடங்கினேன். சீல் உடைக்காத டப்பா, ஜன்னல் ஓரத் தீற்றல், ஒரு மழை பார்த்த சுவர். கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டே போனேன். விச்சு செல்ஃபோனில் குறித்துக்கொண்டான். எல்லாம் முடிந்து நான் மூச்சு வாங்கியபோது கிரிஜா காபித் தட்டோடு வாசல்படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. தட்டைக் கீழே வைத்தாள். நிதானமாக, ஏதோ சர்க்கரை போதுமா என்று கேட்பதுபோலத்தான் சொன்னாள்.

"முக்கியமான ஒண்ண விட்டுட்டேளே. மொதல்ல செவத்தத் தட்டிப் பாக்கணும்னு சொல்லுவேளே எப்பவும்."

அப்படி நான் ஒருநாளும் சொன்னதில்லை. அது ஜானிடமிருந்து அவள் பார்த்து வைத்துக்கொண்டது. நான் கிரிஜாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நெஞ்சு லேசாக ஏறி இறங்கியது. இழுப்பு இன்றைக்கே தொடங்கிவிடும் போலிருந்தது.

"எப்படித் தட்டணும் மாமா? இப்படியா?"

பாமா சிரித்துக்கொண்டே எழுந்து, வைஷுவை இடுப்பில் ஏற்றிப் பிடித்தபடி அந்தச் சுவருக்குப் பக்கத்தில் போனாள். குழந்தை ஒரு கையை நீட்டி மஞ்சளில் பளாரென்று உள்ளங்கையைப் பதித்தது. பாமா ஆள்காட்டி விரலை மடக்கினாள். விச்சு செல்ஃபோனிலிருந்து நிமிர்ந்து, சொல்லுங்கோ மாமா என்பதுபோல என் பக்கம் திரும்பினான்.

காஸ்டிங்கோ சுவரோ, எனக்குக் கேட்க ஒரு வழிதான் தெரியும். கண்ணை மூடிக்கொண்டேன்.