டிரைவர் சீட்டு ஃபேன்

"அப்பா, அந்த நீலக் கட்டம் போட்ட போர்வை எங்கப்பா?"

மகள் வேனின் பின்கதவில் நின்று கேட்டபோது அவர் பேட்டரிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, திருப்புளியை வாயில் கவ்விக்கொண்டிருந்தார். தெரியாது என்று தலையை மட்டும் ஆட்டினார். பீரோ, பரண், கொடி எல்லாம் தேடிவிட்டதாகவும், அம்மாவுக்கு அதைத்தான் போர்த்த வேண்டும் என்று நினைத்ததாகவும் அவள் சொன்னாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"மணி ஒண்ணரை ஆச்சு. நாலு மணிக்கு வண்டி வந்துடும். இப்பப் போய் இந்த வேலை தேவையாப்பா?"

அவர் திருப்புளியை வாயிலிருந்து எடுத்தார். "தேவைதாம்மா."

அதற்கு மேல் என்ன சொல்வது? உங்கம்மா கடைசியாகக் கேட்ட கேள்விக்கு நான் பொய் சொல்லிவிட்டேன், அவளைக் கொண்டுபோவதற்குள் அந்தப் பொய்யை உண்மையாக்க வேண்டும் என்று சொன்னால், மகள் பாவம், அப்பாவுக்கும் மூளை குழம்பிவிட்டது என்று அதற்கும் சேர்த்து அழுவாள். அவர் மறுபடி குனிந்துகொண்டார்.

அன்று காலை ஆறரை மணிக்கு மனைவி கண் திறந்தாள். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பி நான்கு நாள் ஆகியிருந்தது. அந்த நான்கு நாளில் அவள் பேசியதே கொஞ்சம். அதிலும் பாதி, குளிருகிறது என்பதுதான். இன்று காலை மட்டும் குரல் பழைய குரலாக இருந்தது.

"டிரைவரே, ஃப்யூஸ் போட்டீங்களா?"

"போட்டேன்."

"ஃபேன் ஓடுதா?"

"ஜோரா ஓடுது."

"சத்தம் எப்படி?"

"சத்தமே இல்ல. பட்டு மாதிரி ஓடுது."

அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். அவர் கையில் லேசாக ஒரு தட்டு தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். ஏழேகாலுக்கு மூச்சு நின்றது.

ஃப்யூஸ் அவருடைய சட்டைப்பையில் இருந்தது. மூன்று வாரமாக அங்கேதான் இருந்தது. சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் எடுத்து அடுத்த சட்டையில் போட்டுக்கொண்டார். வேனுக்குள் போய் அதைப் பொருத்த ஐந்து நிமிடம் ஆகாது. ஆனால் அவள் இல்லாமல் அந்த வேனுக்குள் ஏற அவருக்குக் கால் வரவில்லை.

முப்பத்தொரு வருடம் அவர் ஒரே வழித்தடத்தில் பஸ் ஓட்டினார். பதினான்கு கிலோமீட்டர் போக, பதினான்கு கிலோமீட்டர் வர. அந்த வழியில் ஒரு ஃபேன் கம்பெனி இருந்தது. அங்கே மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் பெண்கள் காலை ஏழு மணி பஸ்ஸில் கும்பலாக ஏறுவார்கள். அதில் ஒருத்தி மட்டும் தினமும் டிரைவருக்குப் பின்சீட்டைப் பிடித்துக்கொள்வாள். அவருக்காக என்று அவர் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்குப் பிறகுதான் உண்மை தெரிந்தது: அந்த ஜன்னல் ஒன்றுதான் சரியாக மூடுமாம்.

டிரைவர் தலைக்கு மேலே ஒரு சின்ன ஃபேன் உண்டு. அது ஓடி யாரும் பார்த்ததில்லை. ஒரு நாள் ரயில்வே கேட்டில் பஸ் நின்றபோது அவள் எழுந்து வந்தாள், கேட்காமல் கொள்ளாமல் தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவினாள், ஃபேனின் பின்மூடியைத் திறந்து என்னவோ செய்தாள். அது ஓடியது. ஒரு இறக்கை வளைந்திருந்ததால் சுற்றுக்கு ஒரு தரம் கம்பிக் கூட்டில் இடித்து டக், டக் என்றது. அதையும் நிமிர்த்திவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், அப்புறம் நீங்கள் ஏன் வருவீர்கள் என்று வாய்வரை வந்தது. கேட் திறந்துவிட்டதால் தப்பித்தார். இறக்கையை அதற்குப் பிறகும் யாரும் நிமிர்த்தவில்லை. அந்தச் சத்தத்தோடுதான் அவர் பணி ஓய்வு பெற்றார். பஸ்ஸைக் கழித்துப் போட்டபோது டெப்போவில் கெஞ்சிக் கூத்தாடி அந்த ஃபேனைக் கழற்றி வாங்கிவந்தார்.

வேன் அவளுடைய யோசனை. ஒரு சலவைக்காரர் கடையை மூடியபோது அவரிடம் வாங்கியது. உள்ளே இன்னும் சோப்பு வாசனை போகவில்லை. முப்பத்தொரு வருஷம் ஊரையெல்லாம் ஏற்றிக்கொண்டு ஒரே ரோட்டில் போனீர்கள், இனி என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு வேறு ரோட்டில் போங்கள் என்றாள். கட்டில், அடுப்பு, குடிதண்ணீர்த் தொட்டி எல்லாம் அவர் வேலை. கரண்டு வேலை முழுக்க அவள் வேலை. அவர் ஒருமுறை இஸ்திரிப் பெட்டியைச் சரிசெய்யப் போய்த் தெருவையே இருட்டாக்கிய பிறகு, வீட்டில் வயர் என்று எதையும் தொட அவருக்கு அனுமதி கிடையாது.

வண்டிக்கு இரண்டு பேட்டரி என்று அவள்தான் விளக்கினாள். "முன்னாடி இருக்கிறது வண்டி பேட்டரி. அது உங்களை மாதிரி, ஓடிக்கிட்டே இருந்தாதான் உடம்பு சரியா இருக்கும். பின்னாடி இருக்கிறது வீட்டு பேட்டரி. வண்டி நிக்கிறப்பதான் அதுக்கு வேலை. அதுக்குச் சாப்பாடு மேல இருக்கிற சோலார் பேனல்." நடுவில் ஒரு சின்னப் பெட்டி. பேனலிலிருந்து வருவதை வாங்கி அளவாகப் பேட்டரிக்குக் கொடுப்பது அதன் வேலை. பேட்டரி பசியோடு இருந்தால் அந்தப் பெட்டி ஃபேனுக்கும் விளக்குக்கும் எதுவும் தராது, முதல் பந்தி பேட்டரிக்குத்தான் என்றாள்.

இருபத்து நாலு வோல்ட்டுக்குச் சுற்றிய பஸ் ஃபேனை, பன்னிரண்டுக்கு ஏற்றபடி அவளே பிரித்துச் சுற்றினாள். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, மூன்று நாள், சமையல்கட்டு மேஜையில். அந்த மூன்று நாளும் சமையல் அவருடையது. உப்பைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேலையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்.

கடைசி இணைப்பு மட்டும் பாக்கி இருந்த நாளில் ஃப்யூஸ் வாங்கிவர அவரை அனுப்பினாள். அவர் முப்பது ஆம்பியருக்குப் பதில் பதினைந்து வாங்கிவந்தார். திருப்பி அனுப்பினாள். இரண்டாம் முறை திரும்பி வந்தபோது அவள் வேனின் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒன்றுமில்லை, ஏணியில் ஏறி இறங்கியது பிடித்துக்கொண்டது என்றாள். அன்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் அப்புறம் வேனில் ஏறவே இல்லை.

இப்போது அவர் ஃப்யூஸைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பொருத்தினார். ஒவ்வொரு வயரிலும் அவள் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டிப் பேனாவால் எழுதியிருந்தாள். எதற்கு இவ்வளவு எழுத்து, நீதானே மாட்டப்போகிறாய் என்று அன்றைக்கே கேட்டார். வழியில் நான் தூங்கிவிட்டால் நீங்கள்தானே பார்க்க வேண்டும் என்றாள்.

பேட்டரி வயரில், 'முதலில் இது.' மாட்டினார். பெட்டியில் சின்னத் திரை விழித்துக்கொண்டது. பேட்டரி படம் காலியாகக் கண்சிமிட்டியது. மூன்று வாரம் சும்மா கிடந்ததில் பசி. மேலே துளை வழியாக இறங்கிய பேனல் வயரில், 'கடைசியில் இது. அவசரப்படாதீங்க டிரைவரே.' அவர் அவசரப்படவில்லை. சிவப்பைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் செருகி, திருகாணியை இறுக்கி, இழுத்துப் பார்த்து, நிமிர்ந்தார்.

திரையில் சூரியன் படம் வர வேண்டும். வரவில்லை.

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. அவர் கழற்றி மறுபடி மாட்டினார். ஃப்யூஸை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. இதற்குள் மனைவியின் தம்பி வந்து எட்டிப்பார்த்தான். வந்தவர்கள் எல்லாம் அத்தான் எங்கே என்று கேட்கிறார்கள், முன்னால் வந்து உட்காருங்கள் என்றான். வேனைப் பற்றிக் கவலை வேண்டாம், நல்ல விலைக்கு ஆள் பார்த்துத் தருகிறேன் என்றும் சொன்னான். நல்லவன்தான். நேரம் காலம் மட்டும் தெரியாது. இதோ வருகிறேன் என்று அவனை அனுப்பிவைத்தார்.

மணி இரண்டரை. கட்டிலில் உட்கார்ந்து, தலைக்கு மேலிருந்த ஃபேனைப் பார்த்தார். இவ்வளவு எழுதிவைத்தும் சொதப்பிவிட்டேனே என்று தோன்றியபோது கண் நிறைந்தது. காலையிலிருந்து அழாதவர் அப்போதுதான் அழுதார். அழுதுகொண்டே விரலால் இறக்கையைத் தள்ளிவிட்டார். அது சோம்பலாகச் சுற்றியது. டக் என்றது. இன்னொரு சுற்று. டக்.

அவர் கை அப்படியே நின்றது.

சத்தமே இல்லை, பட்டு மாதிரி ஓடுகிறது என்று அவளிடம் சொன்னார். முப்பத்தைந்து வருடம் முன்னால் ரயில்வே கேட்டில் கேட்ட இந்த டக் டக்கை வைத்துக்கொண்டு, அதைத் தன் கையால் பிரித்துச் சுற்றியவளிடம், சத்தமே இல்லை என்று சொன்னார். அவள் பார்த்த பார்வை இப்போதுதான் புரிந்தது. பொய் என்று அவளுக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. தெரிந்துதான் கையில் தட்டிவிட்டுக் கண்ணை மூடியிருக்கிறாள். அவருக்குத் தாங்கமுடியாத வெட்கமாக இருந்தது.

மகள் மறுபடி வந்தாள். கையில் மடித்த வெள்ளைப் போர்வை. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அவள் கோபம் போய்விட்டது. படியில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீலம் கிடைக்கவே இல்லப்பா. இதையே போர்த்திடலாமா? அம்மா எங்கே வெச்சாங்கன்னு உங்களுக்கு நினைவே இல்லையா?"

அவர் வெள்ளைப் போர்வையைப் பார்த்தார். ஃப்யூஸ் வாங்க அனுப்பியபோது மனைவி சொன்னது வரி பிசகாமல் காதில் விழுந்தது. "சூரியனுக்கு சுவிட்ச் கிடையாது டிரைவரே. போர்வை போட்டு மூடிட்டுத்தான் வயரைத் தொடணும்."

"மேல இருக்கும்மா" என்றார்.

"எங்க?"

"கூரை மேல. நீ இங்கயே இரு. அந்தத் திரையைப் பார்த்துக்கிட்டு இரு."

அறுபத்தைந்து வயதில் ஏறக்கூடாத வேகத்தில் ஏணியில் ஏறினார். பேனலின் மேல் நீலக் கட்டம் போட்ட போர்வை கிடந்தது, இரண்டாக மடித்து, நான்கு மூலையிலும் கயிறு கட்டி. உயரமான வேன், கீழிருந்து யாருக்கும் தெரியாது. மேற்பக்கம் கொஞ்சம் வெளிறிப் புழுதி படிந்திருந்தது. முடிச்சுகள் அவள் போட்டவை. அறுத்துவிட்டால் சுலபம். அவர் ஒவ்வொன்றாக நகத்தால் அவிழ்த்தார்.

"அப்பா, சூரியன் வந்துடுச்சு" என்று கீழிருந்து மகள் சொன்னாள்.

அவர் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி, ஏணியைப் பிடித்தபடியே நின்றார். பேட்டரி சாப்பிட வேண்டும். பிறகுதான் மற்றவர்களுக்கு. பத்து நிமிடம் இருக்கும். உள்ளிருந்து மகள் குரல் வந்தது.

"ஓடுதுப்பா" என்றாள். பிறகு, "ஆனா எங்கயோ இடிக்குது. டக் டக்னு சத்தம் வருது. நிறுத்திடட்டுமா?"

"வேண்டாம். அது அப்படித்தான் ஓடும்."

மகள் இறங்கி வந்ததும் இருவரும் இரண்டிரண்டு மூலையைப் பிடித்துப் போர்வையை உதறினார்கள். மூன்று வாரப் புழுதி பறந்தது. அவருக்கு எதிரே அந்த இரண்டு மூலையை இத்தனை வருடமும் பிடித்தவள் வேறு ஒருத்தி. மகளும் அதே மாதிரி, கடைசி உதறலில் கொஞ்சம் எம்பினாள்.

"எவ்வளவு சூடா இருக்குப்பா" என்றாள்.

"ஆறுறதுக்குள்ள வா."

தரையில் படாமல் இரண்டு பக்கமும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்கள். நாற்காலிகளில் இருந்தவர்கள் வழிவிட்டார்கள். போர்வையைக் கழுத்துவரை போர்த்தி, கால் பக்கம் அவள் விரும்புகிற மாதிரி அடியில் செருகிவிட்டார். யாரோ நேரம் ஆகிறது என்றார்கள்.

வேன் அந்த அறையின் சுவரை ஒட்டித்தான் நின்றிருந்தது. ஜன்னலின் ஒரு கதவு மட்டும் திறந்திருந்தது, அதன் வழியே டக் டக் லேசாகக் கேட்டது. அவர் போய் இன்னொரு கதவையும் திறந்துவிட்டார்.