இரண்டே பொத்தான்கள்

எங்கள் ஊரில் வீட்டை விட்டு இறங்குகிற எவரும் "போறன்" என்று சொல்வதில்லை. முக்குக் கடைக்குப் பருப்பு வாங்கப் போகிறவரும் "போயிட்டு வாறன்" என்றுதான் சொல்வார். வாய் தவறி மற்றதைச் சொல்லிவிட்டால் திரும்பக் கூப்பிட்டு, உட்காரவைத்து, ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவைத்து, சரியாகச் சொல்லவைத்துத்தான் அனுப்புவார்கள். இதற்கெல்லாம் சிரிக்கிற பேர்வழி நான். என் கணவர் ஸஜாத் சிரிக்க மாட்டார். கணினி படித்த மனுசன் அந்த வழக்கத்தை அப்படியே தூக்கி இயந்திரத்துக்குள் வைத்தார்.

எங்கள் சாய்ந்தமருதிலிருந்தும் பக்கத்துப் பெரியநீலாவணையிலிருந்தும் ஆழ்கடலுக்குப் போகிற படகுகளுக்காக அவர் ஒரு கைச்சாதனம் செய்திருந்தார். அதில் இரண்டே பொத்தான்கள். வீட்டை விட்டு இறங்கும்போது "போயிட்டு வாறன்" என்பதை அழுத்த வேண்டும். கரைக்கு வந்ததும் "வந்துட்டன்". இரண்டுக்கும் இடையில் சாதனம் தானாகவே வானத்துச் செய்மதி வழியாகத் தான் இருக்கும் இடத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். கல்முனை அலுவலகத்தில் உள்ள மெசின் அதை வாங்கிப் பதிந்து, மனைவியின் போனுக்கு ஒரு சொல்லை அனுப்பும்: "வாறன்."

"கடலுக்குள்ள போய்க்கொண்டிருக்கிறவன் எப்படி வாறன் எண்டு அனுப்புவான்? உங்களுக்கு என்ன லூசா?" என்று கேட்டேன்.

"போறதே வாறதுக்குத்தானேகா."

"அப்ப வராமலே போனா? அதுக்கொரு பொத்தான் வேணாமா?"

அவர் முகம் கறுத்துவிட்டது. "அந்தச் சொல்ல என்ட கையால எழுத மாட்டன், நஸ்லியா. வாய வச்சிட்டுச் சும்மா இரி."

அவருடைய இன்னொரு பழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து குடியேறுகிறவர். அதை வைத்தே என்னைக் கிண்டல் பண்ணுவார். கேட்டைத் திறந்து உள்ளே வந்தாலும், வாசற்படியில் நின்று சலாம் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். "உங்கட ஊடுதானே, அனுமதி கேக்கத்தான் வேணும். மூணு தரம் சலாம் சொல்லிப் பதில் இல்லாட்டித் திரும்பிப் போகணும், அதுதான் முறை." ஒருநாள் நான் குளித்துக்கொண்டிருந்தேன். மனுசன் மெய்யாகவே திரும்பிப் போய்த் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்திருக்கிறார். சோறு ஆறிப்போனதுதான் மிச்சம். அன்றைக்கு நான் ஏசிய ஏச்சைக் கேட்டுப் பக்கத்து வீட்டார் ஜன்னலைச் சாத்தினார்கள்.

சாதனத்தைப் பரீட்சித்துப் பார்க்கவென்று காலிதீன் ஹாஜியாரின் படகில் அவரே ஏறினார். படகும் வரவில்லை, ஆட்களும் வரவில்லை. கடற்படை தேடியது, சொந்தப் படகுகள் தேடின. ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு மாரி வந்து போய், வந்து போய், நான் மட்டும் அப்படியே இருந்தேன். மனைவியும் இல்லை, விதவையும் இல்லை. கணவன் இறந்தவள் தனித்திருக்கிற இத்தா இருக்கலாமா என்று கேட்டால், அடக்க மையித் இல்லையே, ஒரு சேதியாவது வேண்டுமே என்றார்கள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று ஆறுதல் சொல்ல வந்தவர்களிடம், பூமியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அவர் இருக்கிறாரா இல்லையா என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். காதி நீதிபதி நல்ல மனிதர். அவரும் அதைத்தான் கேட்டார். "மகள், கடைசியா அவர் எங்க இருந்தாரெண்டு காட்ட ஏதாவது இருக்கா?"

இருந்தது. ஆனால் திறக்க முடியாமல் இருந்தது.

ஸஜாத் எல்லாவற்றையும் சப்வெர்ஷனில்தான் வைப்பார். ஒரு கோப்பில் யார் எப்போது எதை மாற்றினாலும் பழையது அழியாமல் அடுக்கடுக்காகக் காத்துவைக்கிற மென்பொருள் அது. அதன் உள்ளுடம்பு சி மொழியில் எழுதப்பட்டது. ஸஜாத் எழுதியதோ பைத்தன் மொழியில். ஒன்றின் பேச்சு மற்றதற்கு விளங்காது. நடுவில் நின்று பேச்சை மாற்றிக் கொடுக்கிற துபாசிக்குத்தான் பைண்டிங் என்று பெயர். கடலிலிருந்து வருகிற சேதிகளையும் செய்மதிச் செலவைக் குறைக்கவென்று சப்வெர்ஷனின் முறையிலேயே சுருட்டி அனுப்பினார். துபாசி இல்லாமல் அவற்றைப் பிரிக்கவே முடியாது.

அவர் படகேறிய அன்றே அந்தத் துபாசி செத்துப்போனது. மெசின் தன்பாட்டில் சப்வெர்ஷனைப் புதுப்பித்துக்கொண்டது, பைண்டிங் பழசாகவே கிடந்தது. இரண்டும் பொருந்தவில்லை. அவருடைய சேதிகள் பிரிக்கப்படாமல் ஒரு மூலையில் குவிந்தன. விசயம் விளங்கி நாங்கள் கையை வைப்பதற்குள் உப்புக் காற்று மெசினின் வன்வட்டைத் தின்றுவிட்டது. கொழும்பில் ஒருவர் பாடுபட்டு அதை உயிர்ப்பித்து அனுப்பியது இந்த வருடம்தான்.

கல்முனை பஜாரில் புடவைக் கடைக்கு மேலே உள்ள அலுவலகத்தில் நானும் பிரகாசும் உட்கார்ந்தோம். பிரகாஸ் பெரியநீலாவணைப் பொடியன், ஸஜாதோடு வேலை செய்தவன். புது மெசினில் சப்வெர்ஷனை மூலத்திலிருந்து கட்டினோம். பிறகு பைண்டிங்கைக் கட்டினோம். கட்டினால் ஒரு பிழை, அதைத் திருத்தினால் இன்னொன்று. எல்லாம் சரிவந்து நிறுவிய பிறகும் பைத்தன் அதை எடுக்க மறுத்தது.

"நாசமாப் போன மெசின்!" என்று மேசையில் குத்தினேன்.

"குத்தாதீங்க அக்கா, அது பழைய சப்வெர்ஷனப் போய்ப் பிடிக்குது," என்றான் பிரகாஸ். "மெசினோட வந்த சப்வெர்ஷன் ஒண்டு உள்ளுக்க கிடக்கு. அதக் கழட்டினாத்தான் புதுசப் பார்க்கும்."

செத்ததைக் கழற்றாமல் புதியது ஏறாது. எனக்கே சொன்னது மாதிரி இருந்தது. கழற்றினோம். திரும்பக் கட்டி நிறுவினோம். இந்தத் தடவை பைத்தன் ஒரு சத்தமும் போடாமல் ஏற்றுக்கொண்டது.

பழைய வட்டில் குவிந்திருந்த சேதிகளைப் பிரகாஸ் உள்ளே விட்டான். திரையில் வங்காள விரிகுடாவின் படம். கரையே தெரியாத இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. அதே நேரம் என் கைப்பையில் போன் அதிர்ந்தது.

"வாறன்."

அனுப்பியவர் பெயர் ஸஜாத். அடுத்த புள்ளி முந்தியதை விடக் கரைக்குக் கிட்ட இருந்தது. "வாறன்." அடுத்தது இன்னும் கிட்ட. வெளியே நல்ல பகல், கீழே புடவைக் கடையில் யாரோ விலை பேசிச் சிரிக்கிறார்கள், நான் அங்கே இருந்து ஒரு மனிதன் கடலைக் கடந்து என்னை நோக்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போன் ஓயாமல் அதிர்ந்தது. வாறன். வாறன். வாறன்.

"யா அல்லாஹ், எந்த நாள் சேதி தம்பி இது? நேரத்தப் பாரு!"

"எல்லாத்திலயும் இண்டைய நேரம்தான் விழுது அக்கா. பதியிற நேரத்தத்தான் மெசின் போடும். சாதனம் நேரம் அனுப்பாது." பிரகாஸ் திரையில் ஓடிய எழுத்துகளைக் குனிந்து பார்த்தான். "பொறுங்க. பொறுங்க. குவிஞ்சு கிடந்தத மேலயிருந்து எடுக்குது. கடைசியா வந்தது முதல்ல, முதல் வந்தது கடைசியா. அக்கா, இது அவர் வாறதில்ல. அவர் போனதத்தான் நாம பின்னாலயிருந்து பாத்துக்கொண்டிருக்கிறம்."

புள்ளி சாய்ந்தமருதுக் கடற்கரையைத் தொட்டது. மணலில் ஏறித் தெருவுக்கு வந்தது. எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பி வீட்டு வாசலில் நின்றது. படகேறப் போன அன்று காலை கேட்டடியில் நின்று அவர் முதல் பொத்தானை அழுத்தியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. போன் கடைசியாக ஒருமுறை அதிர்ந்தது: "போயிட்டு வாறன்."

"மெய்யா வந்திருந்தா 'வந்துட்டன்' எண்டு ஒண்டு வரோணும்," என்றான் பிரகாஸ் மெதுவாக. "போனதோட முடிஞ்ச பயணத்தில அது இருக்காது."

மாலை வரை காத்திருந்தோம். வரவில்லை. நான் வாய்விட்டு அழுதேன். துக்கம் பாதி, நிம்மதி பாதி. பொய் சொல்லுவானேன், நிம்மதிதான் கூட.

காதி நீதிபதி பார்த்தார், விசாரித்தார், ஸஜாத் மௌத்தானதாகத் தீர்ப்புச் சொன்னார். நான் வெள்ளை உடுத்து இத்தா இருந்தேன். நான்கு மாதம் பத்து நாள். அந்நிய ஆண் எவரும் உள்ளே வரமுடியாது. துணைக்குத் தங்கை றுஸ்னா வந்து தங்கினாள்.

இத்தா முடிய இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை நேரம். ஆண்கள் எல்லாம் பள்ளிவாசலுக்குப் போய், தெருவில் ஒரு சைக்கிள்கூட இல்லை. வெயில் கொளுத்தியது. நானும் றுஸ்னாவும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். மேசையில் கிடந்த போன் அதிர்ந்தது.

"வந்துட்டன்."

அனுப்பியவர் பெயர் ஸஜாத்.

றுஸ்னா எட்டிப் பார்த்தாள். கையிலிருந்த கீரை விழுந்தது. "அல்லாவே! ராத்தா, இதென்ன?"

"பிரகாஸ்தான் ஏதோ தட்டியிருக்கான். எடு அவனுக்கு. செருப்பால அடிப்பன் எண்டு சொல்லு."

அவள் எடுத்து ஒலிபெருக்கியில் போட்டாள். "இஞ்ச காலையிலயிருந்து கரண்ட் இல்லையே," என்றான் பிரகாஸ். "கல்முனை முழுக்க இல்ல. மெசின் செத்துக் கிடக்கு. ஏன், என்ன நடந்த?"

அவள் பதில் சொல்வதற்குள் இரண்டாவது வந்தது. "வந்துட்டன்."

நான் எழுந்து முன்கதவுக்குப் போனேன். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. காகம்கூடக் கத்தவில்லை. ஆனால் ஒரு ஆள் படியில் நின்றால் கதவின் கீழ் இடுக்கில் வெளிச்சம் மறைக்கும் அல்லவா, அப்படி மறைத்திருந்தது. தாழ்ப்பாளில் கை வைத்தேன். இரும்பு சில்லென்று இருந்தது, அந்த வெயிலில்.

திறக்கவில்லை. ஏன் என்று பிறகு யாரும் இல்லாத இடத்தில் எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். பயம். அது மட்டுமல்ல. திறந்து அங்கே ஒருவரும் இல்லாவிட்டால் அவரை இன்னொரு தரம் இழக்க எனக்குத் தெம்பு இல்லை. திறந்து அவர் நின்றாலோ, அவருக்காகவே வெள்ளை உடுத்து நிற்கிறேன். அவர் எனக்குக் கணவரா, அந்நிய ஆணா? சலாமுக்குப் பதில் தொண்டை வரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

"ராத்தா, துறக்காதீங்க," என்று றுஸ்னா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மூன்றாவதும் வந்தது. "வந்துட்டன்."

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. கதவின் கீழ் இடுக்கில் வெளிச்சம் திரும்ப வந்தது. கொஞ்சம் பொறுத்து, கேட்டின் கொளுக்கி விழுகிற சத்தம் கேட்டது. அவர் எப்போதும் மறக்காமல் கொளுக்கியைப் போட்டுவிட்டுத்தான் போவார்.

போன் அதிர்ந்தது.

"போயிட்டு வாறன்."

ஐயோ, முறை தவறாத மனுசன்! மூன்று தரம் கேட்டார், பதில் இல்லை, திரும்பிவிட்டார். நான் தாழ்ப்பாளை இழுத்துக் கதவைத் திறந்தேன். முற்றத்தில் ஒருவரும் இல்லை. ஒழுங்கையிலும் இல்லை. போன் மட்டும் என் கையில் ஒன்றன்பின் ஒன்றாக அதிர்ந்தது. வாறன். வாறன். கடற்கரைப் பக்கமாகத்தான் போயிருப்பார்.

இப்படியே வந்துகொண்டிருப்பார். வருவார், படியில் நிற்பார், போவார், திரும்ப வருவார். அவர் செய்த சாதனத்தில் வேறு வழியே வைக்கவில்லை. போகிறவரிடம் "போயிட்டு வாங்க" என்று சொல்வதுதான் எங்கள் வழக்கம். அவர் படகேறிய அன்று காலையும் அதே கேட்டடியில் நின்று அப்படித்தான் சொன்னேன்.

கடல் இருக்கும் திசையைப் பார்த்தேன்.

"போங்க," என்றேன்.

"ராத்தா!" என்று றுஸ்னா என் வாயைப் பொத்தினாள். "வாங்க" என்ற மற்றச் சொல்லையும் சேர்த்துச் சொல்லும்படி கெஞ்சினாள். நான் சேர்க்கவில்லை. போன் அதிர்வது நின்றுவிட்டது.

இத்தா முடிந்து அலுவலகம் போன அன்று பிரகாஸ் புதுச் சாதனத்தின் வரைபடத்தை விரித்து வைத்திருந்தான். மூன்றாவதாக ஒரு பொத்தானுக்கு இடம் விட்டிருந்தான். வராமல் போகிற படகுக்கு. கரையிலிருப்பவர்கள் அழுத்துவதற்கு.

"பேர் மட்டும் போடல்ல அக்கா," என்றான். "நீங்கதான் எழுதோணும்."

பேனாவை வாங்கினேன். அந்தச் சொல்லை ஒருதரம் வாயால் சொன்னவள்தான் நான். கையால் எழுத என்னாலும் முடியவில்லை.