ஜூன் ஒன்றில் பிறந்தவர்கள்

பிரகதாம்பாள் டீச்சர் ஓய்வு பெற இரண்டு நாள்தான் பாக்கி. சீர்காழிக்குக் கிழக்கே வாய்க்கால் கரையில் இருக்கும் தொடக்கப்பள்ளிக்கு அவர் தலைமையாசிரியர். அதே நாற்காலியில் அவருக்கு முன்னால் அப்பா பஞ்சநதம், அப்பாவுக்கு முன்னால் தாத்தா. சேர்க்கைப் பதிவேட்டில் மூவர் கையெழுத்தும் உண்டு.

மே முப்பத்தொன்றில் பட்டியலில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி இருக்கும், இல்லையென்றால் பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடுவோம் என்று அதிகாரி சொல்லியிருந்தார். பட்டியலில் ஒன்பது பேர்.

பதினோரு மணிக்கு ஷமீரா மகன் ஷேக் பரீதோடு வந்தாள். இதே பள்ளியில் படித்தவள்.

"டீச்சர், பத்தாவது ஆளைக் கொண்டாந்துட்டேன்."

உதவி ஆசிரியர் செந்தில்குமார் எழுந்தே நின்றுவிட்டார்.

"எப்ப பொறந்தான்?" என்றார் டீச்சர்.

"டிசம்பர் மூணு. நாலரை ஆவுது. இன்னும் சர்ட்டிபிகேட் வாங்கல. நான் எழுதிக் குடுத்தா போதுமாமே? ஜூன் ஒண்ணுன்னு போட்டுக்குங்க."

வயது நிரம்பாத பிள்ளைக்கு ஜூன் ஒன்று என்று போட்டுச் சேர்ப்பது தாத்தா காலத்து வழக்கம். ஊரில் பாதிப் பேருக்கு அன்றுதான் பிறந்தநாள்.

"எங்க அத்தா, மாமு, எதிர்வீட்டுப் பால்காரரு எல்லாருமே அன்னிக்குப் பொறந்தவங்கதான் டீச்சர்."

"அன்னிக்கு மருத்துவச்சி பாடு திண்டாட்டந்தான்" என்றார் செந்தில்குமார்.

டீச்சர் சிரிக்கவில்லை. பீரோவிலிருந்து பழைய பதிவேட்டை எடுத்து, 1971ஆம் வருஷப் பக்கத்தைத் திறந்தார். அப்பாவின் குண்டு எழுத்து. ப. பிரகதாம்பாள், பிறந்த தேதி 1.6.1966. அவர் பிறந்தது 1967 மே பன்னிரண்டு. அந்த வருஷம் இரண்டாவது ஆசிரியர் பணியிடம் கிடைக்கப் பட்டியலில் ஒரு பிள்ளையின் பெயர் குறைந்தது. அப்பா நாலு வயது மகளைத் தூக்கி வந்து பலகையில் உட்கார வைத்தார். பணியிடம் கிடைத்தது. அதனால்தான் இப்போது ஐம்பத்தொன்பது வயதில் அறுபது முடிந்து வீட்டுக்குப் போகிறார். திருத்தக் கேட்டிருக்கலாம். அப்பா பொய் எழுதினார் என்று மனுப்போட வேண்டும். போடவில்லை.

அப்பா மேல் கோபம் வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. வேறு எதுவும்கூட வரவில்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மாதிரி இருந்தது மனசு.

"எழுதுங்க டீச்சர். பள்ளிக்கூடம் நிக்கும்" என்றார் செந்தில்குமார் மெதுவாக.

"நிக்கும் சார். அறுபது வயசுல இவன் எந்த ஆபீஸ்லயாச்சும் உக்காந்துக்கிட்டு என்னை நெனைப்பான்."

அவர் பேனாவை மூடினார்.

"அஞ்சு நெறையட்டும் ஷமீரா."

"ஒரு எழுத்துத்தானே டீச்சர்? நிக்காவுக்கா கேக்குறேன், ஒண்ணாப்புக்குத்தானே?"

டீச்சர் பழைய பதிவேட்டை மூடிப் பீரோவில் வைத்தார். ஷமீரா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"சரி, அடுத்த வருஷம் கொண்டாந்து விடுறேன்."

"விடு."

எங்கே என்று இருவருமே பேசவில்லை. வெளியே வாய்க்காலில் தூர்வாரும் பொக்லைன் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பரீத் அதைப் பார்க்க அம்மாவுக்கு முன்னால் ஓடினான்.

டீச்சர் மாதாந்திர அறிக்கையை எடுத்து, மாணவர் எண்ணிக்கை என்ற கட்டத்தில் ஒன்பது என்று எழுதினார். எண்ணாலும் எழுத்தாலும், அப்பா பழக்கியபடி.