முப்பத்தெட்டு விநாடி முன்னிலை

1

இது திருட்டுக் கதை. யாரிடமும் கேட்காமல் எடுத்தேன். சாந்தோமில் பவுல்சாமி அண்ணன் வீட்டுக் கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, வயதான இரண்டு பேர் ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் உட்கார்ந்து, அண்ணனின் மனைவி கிளாடிஸ் அக்கா போட்ட வாழைக்காய் பஜ்ஜியைத் தின்றுகொண்டே மனதுக்குள் எழுதிக்கொண்டேன். பஜ்ஜியையும் தின்று கதையையும் எடுத்தவன் நான். என் யோக்கியதை இவ்வளவுதான், தெரிந்துகொண்டு படியுங்கள்.

தொடக்கம் மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. முதல் முயற்சி: 'மழையில் நனைந்த மலைப்பாதையில் மத்தேயு தன்னந்தனியாக மிதித்துக்கொண்டு—' நிறுத்திவிட்டேன். அந்த மலையை டி.வி.யில் பார்த்ததோடு சரி. அடையாறு பாலம் ஏறுவதற்கே சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளுகிறவன் நான். இரண்டாவது முயற்சி: 'நினைவு என்பது—' இதை ஏன் அடித்தேன் என்று விளக்க வேண்டியதில்லை. இப்படித் தொடங்கும் கதையை நானே இரண்டாம் வரியில் மூடிவைத்துவிடுவேன். மூன்றாவது, அன்வர் பாஷா பாய் சொன்ன ஒரு வாக்கியம். என்னுடையது இல்லை என்பதாலோ என்னவோ அது நன்றாக இருக்கிறது. அதையே வைத்துக்கொள்கிறேன்.

2

"பவுலு, உன் ஆளு நாளையோட காலி. எழுதி வச்சுக்கோ."

"யாரு, மத்தேயுவா? போயா. போய்க் கடையில பட்டன் வித்துக்கினு இரு. மலையப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?"

"எனக்குத் தெரியாது, சரி. அவனுக்குத் தெரியுமா? எழுபத்தெட்டு கிலோ கீறான். மூட்டய ஏத்தற மாதிரி ஏத்தணும் அவன."

"பதினோரு வருஷமா மத்தவனுக்கோசரம் காத்து வாங்கினவன்யா அவன். நாளைக்கு ஒரே ஒரு நாள் தனக்கோசரம் வாங்க மாட்டானா?"

முதலில் பேசியவர் அன்வர் பாஷா. தி.நகரில் பட்டன், ஜிப், லைனிங் துணி விற்கும் கடை வைத்திருக்கிறார். தி.நகர் கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை மாலையில் கடையை விட்டுவிட்டு வருகிறார் என்றால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது உங்களுக்கே தெரியும். இரண்டாவது குரல் பவுல்சாமி அண்ணனுடையது. டெலிபோன் லைன்மேனாக முப்பத்தொரு வருடம், சைக்கிளின் பக்கவாட்டில் ஏணியைக் கட்டிக்கொண்டு மந்தைவெளிக்கும் ராயப்பேட்டைக்கும் அலைந்தவர். ஊருக்கெல்லாம் போன் கொடுத்தவர் வீட்டில் பல காலம் போன் கிடையாது. மத்தேயுவை அவருக்கு ஏன் பிடித்தது என்று நான் தனியாக எழுத வேண்டியதில்லை.

மத்தேயு ஐரோப்பாவில் சைக்கிள் ஓட்டுகிறவன். மூன்று வாரம், இருபத்தொரு நாள் நடக்கும் பெரிய போட்டி அது. ஒவ்வொரு நாளின் நேரத்தையும் கூட்டி, மொத்தத்தில் குறைந்த நேரம் எடுத்தவன் முதலிடத்தில் இருப்பான். மத்தேயு நட்சத்திரம் இல்லை. நட்சத்திரத்துக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுப்பவன். அவனுக்கு முன்னால் ஓட்டி, எதிர்க்காற்றைத் தன் மார்பில் வாங்கிக்கொள்பவன். ஒன்பதாம் நாள் மழையில் நட்சத்திரங்கள் ஒருவரையொருவர் கண்காணித்துக்கொண்டு சோம்பிக் கிடக்க, பேர் தெரியாத நாலைந்து பேர் முன்னால் ஓடிப்போனார்கள். அவர்களில் ஒருவன் மத்தேயு. அன்று மாலை பார்த்தால் முதலிடம் அவனுக்கு, பதினான்கு நிமிட முன்னிலையோடு. அதற்குப் பிறகு தினம் கொஞ்சம் கொஞ்சமாக இழந்தான். பதினெட்டாம் நாள் முடிந்தபோது மிச்சம் முப்பத்தெட்டு விநாடி. மறுநாள் மலை. அதற்கடுத்த நாள் ஒவ்வொருவரும் தனியாகக் கடிகாரத்தோடு மோத வேண்டும். கடைசி நாள் வெறும் ஊர்வலம்.

முப்பத்தெட்டு விநாடியை வைத்துக்கொண்டு அவன் முதலிடத்தில் நிற்பானா, மாட்டானா? சண்டை இதுதான்.

(மத்தேயு அவனுடைய உண்மையான பெயர் இல்லை. அண்ணன் அவனை வேறொரு புனிதரின் பெயரால் கூப்பிட்டார். அதையும் மாற்றிவிட்டேன்.)

3

இப்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மேலே இருக்கும் பேச்சு நான்கு வருடங்களுக்கு முன்னால் ஒரு ஜூலையில் நடந்தது. போன மாதமும் நடந்தது. நடுவில் எத்தனை ஞாயிறுகள் நடந்தது என்று எண்ணவில்லை.

அண்ணனுக்கு மறதி வந்து இரண்டு வருடம் ஆகிறது. சாப்பிட்டுக் கை கழுவின ஈரம் காய்வதற்குள், "கிளாடிஸ், சோறு போடலியா?" என்பார். மஸ்கட்டிலிருந்து மகன் ஆஸ்டின் பேசினால் மரியாதையாக, "யாருங்க பேசறது?" என்பார். ஒருநாள் லஸ் முனையில் நின்றுகொண்டு வீட்டுக்கு வழி கேட்டிருக்கிறார். அந்தத் தெருவில் ஒவ்வொரு கம்பத்திலும் ஏறியவர்.

ஆனால் அந்த ஜூலை மட்டும் இருந்தது. அதிலும் பதினெட்டாம் நாள் வரைக்கும். மத்தேயுவின் எடை, அவன் அணியில் எத்தனை பேருக்குக் காய்ச்சல், எந்தத் திருப்பத்தில் சறுக்கினான், எல்லாம் நாக்கு நுனியில். எங்கள் மூவருக்கும் அது அப்படிப்பட்ட ஜூலை. தினமும் மாலையில் வந்துவிடுவோம். பாஷா பாய் வரும் வழியில் சமோசா வாங்கிவருவார். அண்ணன் அட்டையில் மலை வரைந்து டி.வி. பக்கத்தில் சாய்த்துவைப்பார். ஜன்னலைத் திறந்தால் கடல்காற்று, மூடினால் புழுக்கம். அதற்கும் ஒரு சண்டை. அதைவிட சந்தோஷமாக நான் எங்கேயும் இருந்ததில்லை. இதை அலங்காரமாகச் சொல்லத் தெரியவில்லை. இருந்ததில்லை, அவ்வளவுதான்.

அந்தப் போட்டியின் பதிவு எங்களிடம் இருந்தது. கிளாடிஸ் அக்காதான் ஒரு ஞாயிறு போட்டுப்பார்த்தார். பதினெட்டாம் நாள் முடிந்ததும் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்து, "பாஷா எங்க? கூப்டு அவன. நாளைக்கு மலை" என்றாராம். பாஷா பாய் ஆட்டோ பிடித்து வந்தார். அன்று ஒரு மணி நேரம் பழைய பவுல்சாமி எங்களோடு இருந்தார். அப்படித்தான் இது வழக்கமானது. பதினெட்டாம் நாளைப் போடுவது, டி.வி.யை அணைப்பது, சண்டை போடுவது.

4

"அப்புறம் பத்தொன்பதைப் போட்டால் என்ன?" என்று கேட்பீர்கள். அக்காவும் கேட்டார். "பாவம்ங்க, ஒருநாளாச்சும் முழுசா பாக்கட்டுமே."

போட்டோம். மீதி நாட்களைக் கடைசி வரைக்கும். முடிவு வந்தபோது அண்ணன் இரண்டு கையாலும் முகத்தை [இங்கே ஒரு வினைச்சொல் இருந்தது. அதைப் படித்தால் முடிவு உங்களுக்குத் தெரிந்துவிடும். எடுத்துவிட்டேன்.]. அது பத்து நிமிடம். பிறகு அவருக்குப் பேச எதுவும் இல்லை. பாஷா பாய் வம்புக்கு இழுத்துப்பார்த்தார். "அதான் முடிஞ்சிடுச்சே" என்று சொல்லிவிட்டு அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். படுக்கப் போகும்வரை அப்படியேதான் இருந்தாராம்.

மறுநாள் காலையில் எழுந்ததும், "இன்னைக்கு மலைதானே?" என்றிருக்கிறார். கிளாடிஸ் அக்கா எனக்குப் போன் செய்து அழுதார். சந்தோஷத்திலா, துக்கத்திலா என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. அதன்பிறகு நாங்கள் பதினெட்டைத் தாண்டவில்லை.

5

இந்தப் பகுதியை நான்கு முறை எழுதிவிட்டேன். காரணம் பாஷா பாய். முதல் வரைவில் அவர் வெறும் பிடிவாதக்காரர். ஜெயிக்கும்போலத் தெரிகிற குதிரை பக்கமே நிற்பவர். கதைக்கு அது வசதி. ஆனால் நிஜத்தில் அவருக்கு மனசு இளகிவிட்டது, பாவி மனுஷனுக்கு. அங்கேதான் எல்லாம் கெட்டது.

போன மாதம், மூன்றாவது ஞாயிறு. வழக்கம்போலத் தொடங்கினார்கள். உன் ஆள் காலி, போய்ப் பட்டன் வித்துக்கினு இரு, எழுபத்தெட்டு கிலோ. அண்ணனுக்கு அன்று இருமல். காற்று பற்றிய பதிலைச் சொல்ல வந்து பாதியில் வார்த்தை கிடைக்காமல் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். பாஷா பாய் காத்திருந்தார். அண்ணனுக்கு வரவில்லை. அப்போது பாஷா பாய் தணிந்த குரலில் சொன்னார்:

"சர்தான் பவுலு. நீ சொல்றதுதான் கரெக்டு. நிப்பான். மத்தேயு நிப்பான்."

அண்ணன் கையை இறக்கினார். பாஷா பாயை உற்றுப் பார்த்தார். வெகு நாளைக்குப் பிறகு அந்தக் கண்ணில் லைன்மேன் தெரிந்தார். எந்த வீட்டு வயரில் கோளாறு என்று கீழே நின்றே கண்டுபிடிக்கும் ஆள்.

"இன்னாத்துக்கு வுட்டுக்குடுக்கற?"

"வுட்டுக்குடுக்கலபா. யோசிச்சுப் பாத்தேன்—"

"நாப்பது வருஷமா நீ என்னாண்ட ஒத்துக்கினதே கெடையாது. பாஷா, உனக்கு முடிவு தெரியும்."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "ரைட்டர், உனக்கும் தெரியும்." பிறகு சமையலறை வாசலில் கரண்டியோடு நின்ற அக்காவைப் பார்த்தார். "கிளாடிசுக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிஞ்சுகீது. எனக்கு மட்டும்தான் தெரியல. இல்ல?"

அவர் சைக்கிள் போட்டியைப் பற்றித்தான் கேட்டார். நாங்கள் மூன்று பேரும் அவர் வேறெதையோ கேட்டுவிட்டதுபோல விறைத்துப்போய் நின்றோம். அன்று இரவு அவர் சாப்பிடவில்லையாம். சோற்றில் என்ன கலந்திருக்கிறது என்று அக்காவிடமே கேட்டிருக்கிறார்.

மறுநாள் மறந்துவிட்டார். மறதியில் அவருக்குக் கிடைக்கும் ஒரே லாபம் அது. பாஷா பாய் மறக்கவில்லை.

"எனக்கு வராதுபா" என்றார் போனில். "தெரியாதவன் மாதிரிப் பேசிப் பேசி இத்தினி நாள் ஓட்டிட்டேன். இப்ப வாயத் தொறந்தா கொரல் காட்டிக்குடுத்துடுது. இன்னொரு வாட்டி அவன் அப்படிப் பாத்தா எனக்குத் தாங்காது."

அவர் வராத இரண்டு ஞாயிறுகளில் நான் முயற்சி செய்தேன். எழுத்தாளன்தானே, பொய் சொல்வது தொழில்தானே என்று தைரியமாகத்தான் ஆரம்பித்தேன். "அண்ணே, உங்க ஆளு காலி" என்றேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "உனக்குத் தெரிஞ்சுகீது, ரைட்டர்" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

6

இனி முடிவு. கைவசம் இரண்டு இருக்கின்றன.

முதல் முடிவு: பாஷா பாய் திரும்பி வருகிறார். பழைய வேகத்தோடு திட்டுகிறார். அண்ணன் சிரிக்கிறார். எழுதிப் பார்த்தேன், படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பாஷா பாய் வரவில்லை. வராத மனிதனை வந்ததாக எழுதினால் அவர் முகத்தில் நான் எப்படி விழிப்பது?

இரண்டாவது முடிவு: அண்ணனுக்கு அந்த ஜூலையும் மறந்துபோகிறது. ஒரு ஞாயிறு பதினெட்டாம் நாளைப் போடுகிறோம், "யாரு இவன், மழையில நனைஞ்சுக்கினு போறான்?" என்று கேட்—

இல்லை. இதை எழுத மாட்டேன். நடந்தால் நடக்கட்டும், என் கையால் வேண்டாம்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. அதற்கு நீங்கள் வேண்டும். கதை முழுக்க நான் எதையோ மறைத்துக்கொண்டே வருகிறேன் என்று உங்களுக்கு எரிச்சலாக இருந்திருக்கும். போட்டியின் பெயர் சொல்லவில்லை, வருடம் சொல்லவில்லை, மத்தேயுவுக்குக் கடைசியில் என்ன ஆயிற்று என்று சொல்லவே இல்லை. இவன் என்ன பெரிய மர்மக்கதை எழுதுகிறானா என்று நினைத்திருப்பீர்கள். மர்மம் ஒன்றும் இல்லை. அந்த வீட்டில் எங்கள் எல்லாருக்கும் முடிவு தெரியும். அதனால் நாங்கள் எதற்கும் உதவாமல் போனோம். மத்தேயுவையும் முப்பத்தெட்டு விநாடியையும் தெரிந்த, முடிவு மட்டும் தெரியாத ஆள் ஒருவர் தேவைப்பட்டார். அப்படி ஒருவரைத் தயார் செய்யத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஞாயிறு ஐந்து மணிக்கு வாருங்கள். சாந்தோமில் டெலிபோன் பவுல்சாமி வீடு என்றால் யாரும் காட்டுவார்கள். அக்கா பஜ்ஜி போடுவார். அண்ணன் உங்களை யாரென்று கேட்க மாட்டார். யாராக இருந்தாலும் அவருக்கு இப்போது புது ஆள்தான். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு இருப்பார். டி.வி. அணைந்ததும் நிமிர்ந்து, உங்கள் குரலில் ஏதாவது தெரிகிறதா என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்பார்:

"இன்னா சொல்ற? மத்தேயு நிப்பானா?"

பயப்படாதீர்கள். "தெரியலையே" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையைப் பொய்யில்லாமல் சொல்ல எங்களில் ஒருவராலும் முடியவில்லை.